பருப்பு வெதச்சாச்சுங்க: சிங்காநல்லூர் பக்கம் ஒரு மெஸ்

கோயம்புத்தூர் வந்து ஆறு வருஷம் ஆகுது, பம்ப் கம்பெனில வேலை, சொந்த ஊரு நாகப்பட்டினம், குடும்பம் அங்கேயே இருக்கு, அதனால மதியச் சாப்பாடு ஆறு வருஷமா வெளியதான். சிங்காநல்லூர் பக்கம் உள்ள தள்ளி ஒரு சந்துல இந்த மெஸ் இருக்கு, போர்டு எதுவும் கெடையாது, வீட்டு முன்ஹால்லயே ஆறு டேபிள், யாரைக் கேட்டாலும் அக்கா மெஸ்ஸான்னு கை காட்டுவாங்க. அக்காதான் சமையல், கல்லா ரெண்டும். அவங்க வீட்டுக்காரர் பரிமாறுவாரு, அறுவது வயசு இருக்கும், எல்லாரும் அண்ணான்னுதான் கூப்பிடுவோம். சாப்பாட்டைப் பத்தியும் எழுதறேன், ஆனா நான் எழுத வந்ததே அந்த அண்ணனோட குசும்பைப் பத்தித்தான். ஏன்னா ரெண்டு மூணு பேரு "சாப்பாடு ஓகே, சர்வ் பண்றவரு நக்கலா பேசறாரு"ன்னு எழுதி ஒரு ஸ்டார் குடுத்துட்டுப் போயிருக்காங்க, படிச்சப்ப மனசு கஷ்டமாயிடுச்சு. அது நக்கல் இல்லங்க. அது குசும்பு. ரெண்டும் வேற வேற, வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாமப் போயி ஒரு நல்ல எடம் கெட்ட பேரு வாங்கக்கூடாது.

நானும் மொதல் நாள் அப்படித்தான் நெனச்சேன். ஆறு வருஷம் முன்னாடி ஒரு ஜூன் மாசம், நல்ல பசி, எலையில சாதம் போட்டாச்சு, பொரியல் வெச்சாச்சு, சாம்பார் வரல. ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "அண்ணே சாம்பார் வருமா"ன்னு கேட்டேன். அவரு நின்னு, என் மூஞ்சிய நேரா பாத்து, கொஞ்சம் கூட சிரிக்காம, "வருமுங்க தம்பி, பருப்பு வெதச்சாச்சுங்க, மழை ஒண்ணுதான் பாக்கி"ன்னு சொல்லிட்டு அப்படியே உள்ள போயிட்டாரு. எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. காசு குடுத்து சாப்பிட வந்தவன்கிட்ட இப்படியா பேசறதுன்னு எழுந்திருக்கவே போனேன். பக்கத்துல ஒரு பெரியவரு, மில்லுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவராம், என் கையத் தொட்டு "கோவிச்சுக்காதீங்க தம்பி, அது குசும்புங்க, நக்கல் இல்லீங்க"ன்னாரு. எனக்கு அப்ப அது ஒண்ணும் புரியல, ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன். அதுக்குள்ள அண்ணன் வாளியோட வந்துட்டாரு, சாம்பார் ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டியா ஊத்தி, அடியிலேர்ந்து முருங்கைக்காயா தேடி எடுத்து ரெண்டு துண்டு வெச்சு, "மழை பேஞ்சுருச்சுங்க"ன்னு அதே மூஞ்சியோட சொல்லிட்டு அடுத்த எலைக்குப் போனாரு. ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவரு மட்டும் சிரிக்கல.

குசும்புக்கு மொத அடையாளமே அந்த மூஞ்சிதான். சினிமால பாத்துப் பாத்து குசும்புன்னா சத்தமா கத்தி அடுத்தவனைத் தட்டி விடறதுன்னு ஒரு நெனப்பு எனக்கு இருந்துச்சு. கவுண்டமணி உடுமலைப்பேட்டை பக்கம், மணிவண்ணன் சூலூரு, சத்யராஜ் கோயம்புத்தூரு, கோவை சரளாவுக்குப் பேர்லயே ஊரு இருக்கு, இவங்க எல்லாம் சேர்ந்துதான் கோயம்புத்தூர் குசும்புங்கற வார்த்தைய தமிழ்நாடு முழுக்கக் கொண்டு போனாங்க. ஆனா நேர்ல பாக்கற குசும்பு ரொம்ப மெதுவான குரல்ல வருது. "ங்க" ஒரு எடத்துலயும் வுடாது. எவ்வளவு பெரிய கிண்டலா இருந்தாலும் கடைசில ஒரு "ங்க" போட்டு மரியாதையாத்தான் நம்ம எலையில வெக்கறாங்க. கேக்கறவனுக்கு ஒரு செகண்ட் இது நெசமா வெளையாட்டான்னே தெரியாது, அந்த ஒரு செகண்டுலதான் மொத்த ருசியும் இருக்கு.

நக்கல்னா வேற. நக்கல்ல பேசறவன் மூஞ்சில மொதல்லயே ஒரு இளிப்பு இருக்கும், மரியாதை கொறஞ்சு ஒருமைக்கு எறங்கிடும், கேக்கறவன் சின்னவனா ஆயிடுவான். லொள்ளுன்னா வேணும்னே சீண்டறது, பேரே நாய் கொரைக்கற சத்தம் மாதிரி இருக்கு பாருங்க. எகத்தாளம்னா அதுல திமிரு கலந்திருக்கு. கலாய்க்கறதுங்கறது மெட்ராஸ் பக்கத்து ஸ்டைலு, நண்பர்கள் நாலு பேரு சேர்ந்து ஒருத்தனைப் பிடிச்சுக்கறது, பழைய தமிழ்ல கலாய்த்தல்னா சண்டை போடறதுன்னே அர்த்தம், கலாம்னாலும் சண்டைதான். எங்க ஊர்ப் பக்கம் கிண்டல், கேலி, இந்த ரெண்டுதான் ஜாஸ்தி பொழக்கம். இந்த வார்த்தைய எல்லாம் ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே யோசிச்சுப் பாத்தப்ப ஒண்ணு தோணுச்சு, பாதிக்குப் பாதி அடுப்படியிலயும் வாயிலயும் இருந்துதான் வந்திருக்கு. கிண்டல்ங்கறது உப்புமா கிண்டற கிண்டு. கடி ஜோக்கு. வறுத்தெடுத்துட்டான், தாளிச்சுட்டான், இதெல்லாம் அடுப்பு வேலை. கலாய்னு சொன்னா பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசறதுக்கும் அதே பேருதான், அது வேற வழியில வந்த வார்த்தை, இருந்தாலும் அதுவும் அடுப்படிக்குள்ளதான் வந்து நிக்குது. சாப்பாட்டு எடத்துல கிண்டல் வர்றது நமக்குப் புதுசில்லன்னு சொல்ல வர்றேன்.

சரி சாப்பாடு. மெஸ்ஸுல மீல்ஸ் நூறு ரூபா, சாதம் எவ்வளவு வேணா போட்டுக்கலாம். கொள்ளுப்பருப்பு இவங்ககிட்ட தனி. கொள்ளை வேக வெச்சு, வரமொளகா, கொத்தமல்லி, பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாம் சேத்து கொரகொரன்னு ஆட்டி வெக்கறாங்க, மிக்ஸில போட்டு மையா அடிக்கறது கெடையாது, ஒரு சின்ன ஆட்டுக்கல் உள்ள இருக்கு. சூடா சாதத்துல போட்டு நல்லெண்ணெய் ஊத்திப் பெசைஞ்சா வேற கொழம்பே வேணாம். அந்தக் கொள்ளு வெந்த தண்ணியதான் ரசமா வெக்கறாங்க, சளி புடிச்ச நாள்ல ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சுட்டுப் போவேன், தனியா காசு வாங்க மாட்டாங்க. புதன்கெழம அரிசிம்பருப்பு. வெளியூர் ஆளுங்களுக்குச் சொல்றேன், இது சாம்பார் சாதம் இல்ல, அரிசியும் தொவரம்பருப்பும் ஒண்ணாப் போட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மொளகு எல்லாம் சேத்து ஒரே பாத்திரத்துல வெக்கறது, மேல நெய் ஊத்தி அப்பளத்தோட தின்னணும். புதன்கெழம பன்னெண்டே காலுக்குள்ள போகலன்னா கெடைக்காது. சாம்பார் சுமார்தான், எனக்குக் கொஞ்சம் இனிப்பாத் தெரியும், தஞ்சாவூர் நாகப்பட்டினம் பக்கம் வளந்தவங்களுக்கு அப்படித்தான் தெரியும்னு நெனைக்கறேன். பொரியல் நல்லாருக்கும். ஊறுகா பாக்கெட் ஊறுகா, அத மாத்தலாம்.

உப்பு கேட்ட கதைய சொல்லியே ஆகணும். போக ஆரம்பிச்சு ஒரு மாசம் இருக்கும், அண்ணன் எந்த ஊருன்னு கேட்டு வெச்சுக்கிட்டாரு. ஒரு நாள் பொரியல்ல உப்பு கம்மி, "அண்ணே கொஞ்சம் உப்பு"ன்னேன். வாளியக் கீழ வெச்சுட்டு ரொம்ப வருத்தமா என்னப் பாத்தாரு. "வேதாரண்யத்துக்கு அக்கட்டால இருந்து வந்துட்டு எங்ககிட்ட உப்பு கேக்கறீங்களே தம்பி, தகுமுங்களா? ஊர்லேர்ந்து வர்றப்ப ஒரு மூட்டை போட்டுட்டு வரோணுமல்லோ"ன்னாரு. சொல்லிட்டே எலையோரத்துல உப்பு வெச்சாச்சு, நான் கேக்கறதுக்கு முன்னாடியே உப்பு டப்பா அவரு கையில இருந்திருக்கு! பொரியல்ல உப்பு கம்மின்னு அவருக்கே தெரிஞ்சு எல்லா எலைக்கும் எடுத்துட்டுத்தான் வந்திருக்காரு. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வெதமா சொல்லிட்டு வந்திருக்காரு, ஒரு ஊட்டி ஆளுகிட்ட "நீங்க கேரட்டக் கொண்டாங்க, அம்மணி உப்பப் பாத்துக்கும்"னு. என் ஊரு எங்க இருக்கு, அங்க என்ன வெளையுதுன்னு தெரிஞ்சு வெச்சிருந்தாத்தான இப்படிப் பேச முடியும். நாகப்பட்டினம்னா வேளாங்கண்ணிக்குப் பக்கம்னு சொல்ற ஆளுங்களதான் நான் பாத்திருக்கேன், உப்பளத்த நெனச்சு வெச்சுப் பேசின மொத ஆளு அவருதான். அன்னைக்கு எனக்கு வீட்டு நெனப்பு வந்துருச்சு, சந்தோஷமா இருந்துச்சு.

அவரு எதை வெச்சுக் கிண்டல் பண்ண மாட்டாருங்கறதயும் ஆறு வருஷமா பாத்துட்டுத்தான் வர்றேன். யாரு எவ்வளவு சாப்பிடறாங்கங்கறத ஒரு நாளும் சொன்னதில்ல. ஒடம்பு, நெறம், துணி, காசு, எதையும் தொட மாட்டாரு. பரிமாற லேட்டானத, அவங்க வீட்டு சாம்பார, வெயில, ஊர, கரண்டு போறத, கம்பெனிய, அவரோட முட்டி வலிய, இதெல்லாம்தான். சாம்பார்ல குத்தம் சொன்னா "மெதுவாங்க, அம்மணி வெச்சது, அக்கட்ட போயி சொல்லுங்க, கல்லாவுல கரண்டி ஒண்ணு வெச்சிருக்குது"ம்பாரு, உள்ளேர்ந்து அக்கா "ஏனுங், எலையப் பாருங், எல போட்டு ஆறு நிமிஷமாச்சு"ன்னு சத்தம் குடுப்பாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்.

வேற ஒரு ஹோட்டல், பெரிய ஏசி ஹோட்டல், பேரு வேணாம். ஆபீஸ்ல கூட வேலை பாக்கற பொண்ணு ஒண்ணு பொறந்தநாளுக்கு எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போச்சு. அது ரெண்டாவது தடவ சாதம் கேட்டப்ப பரிமாறின ஆளு "பாத்துங்க மேடம், சேர் புதுசு"ன்னு சொல்லி சிரிச்சான். டேபிள்ல ரெண்டு பேரு சிரிச்சாங்க. அந்தப் பொண்ணும் சிரிச்ச மாதிரி வெச்சுக்கிச்சு, அப்பறம் எலைய மூடிடுச்சு, ரசம் மோரு எதுவும் வாங்கிக்கல. அதுதான் நக்கல். அவன் கிட்ட கேட்டா சும்மா வெளையாட்டுக்குத்தான சொன்னேன்னுவான். திருவள்ளுவர் இந்த எடத்தத்தான் தொட்டுச் சொல்லியிருக்காரு, "நகையுள்ளும் இன்னாது இகழ்ச்சி"ன்னு, 995வது கொறள், வெளையாட்டுக்குன்னாலும் எளக்காரம் பண்ணா அது வலிக்கும். தொல்காப்பியத்துல சிரிப்பு வர்றதுக்கு நாலு காரணம் சொல்ற எடத்துலயும் மொதல்ல நிக்கறது எள்ளல்தான், அதுக்கப்பறம்தான் இளமை, பேதைமை, மடன். எள்ளல் நமக்குள்ள அவ்வளவு பழசு, அவ்வளவு சுலபமா வந்துரும், அதனாலதான் அதுல கை வெக்கறவனுக்கு நெதானம் வேணும். யாழ்ப்பாணத்துல பகிடின்னா நல்ல ஜோக்கு, அதே ஆளுங்க ராகிங்குக்கு பகிடிவதைன்னு பேரு வெச்சிருக்காங்க, எவ்வளவு கரெக்டான பேரு.

நான் அந்தப் பொண்ண அடுத்த வாரம் இந்த மெஸ்ஸுக்குக் கூட்டிட்டு வந்தேன், நடந்தது எதையும் அண்ணன்கிட்ட சொல்லல. சாதம் போதும்னு அது கைய நீட்டி மறைச்சப்ப அவரு "போதுமுங்களா அம்மணி? இன்னொரு கை போட்டுக்கலைன்னா நாளைக்கு நான்தான் பழையதா திங்கோணும், கொஞ்சம் எரக்கப்படுங்"ன்னாரு. ரெண்டு தடவ வாங்கி சாப்பிட்டுச்சு.

பாலக்காட்டுக்காரர் ஒருத்தர், எங்க கம்பெனி ஸ்டோர்ஸ்ல புதுசா சேந்தவரு, அவரையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். போற வழியில "அந்த அண்ணனுக்குக் குசும்பு ஜாஸ்தி, தப்பா எடுத்துக்காதீங்க"ன்னு முன்னாடியே சொல்லி வெச்சேன். சாப்பாடு முழுக்க ஒரு மாதிரி பயந்துட்டே உக்காந்திருந்தாரு. வெளிய வந்து கை கழுவறப்ப "பாவம், நல்ல மனுஷனாட்டம்தான இருக்காரு, யாரு மேல அவருக்கு அவ்வளவு பொறாமை"ன்னு கேட்டாரு. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது, மலையாளத்துல குசும்புன்னா பொறாமை! இங்கேர்ந்து பாலக்காடு அம்பது கிலோமீட்டர்தான், வாளையாறு செக்போஸ்ட் தாண்டினா அதே வார்த்தை வேற ஒண்ணா மாறிடுது. இதப் போயி அண்ணன்கிட்ட சொன்னேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அந்தப் பாலக்காட்டுக்காரர்கிட்டயே போயி "அந்தக் குசும்பும் எனக்கு இருக்குதுங்க, நீங்க அப்பளத்த ஒடைக்கறப்ப பாத்துட்டேதான் இருந்தேன், எனக்குப் பல்லு அப்படி இல்லீங்க"ன்னு சொல்லி இன்னொரு அப்பளம் வெச்சாரு. இப்ப அவரு வாரத்துக்கு மூணு நாள் அங்கதான் சாப்பிடறாரு.

மோர் பத்தி எழுதணும், இந்த மெஸ்ஸுல எனக்கு இருக்கற பெரிய கொறையே மோருதான். தண்ணி. உப்பும் கருவேப்பெலையும் நல்லா இருக்கும், மோரு மட்டும் இருக்காது. ஒரு நாள் தாங்காம காளமேகப் புலவர் பாட்ட அண்ணனுக்குச் சொன்னேன். பதினஞ்சாம் நூற்றாண்டு ஆளு, ஸ்ரீரங்கம் கோயில் மடைப்பள்ளியில வேலை பாத்தவருன்னு சொல்லுவாங்க, கிண்டல் பாட்டுக்கு அவரை மிஞ்சி ஆளில்ல. தண்ணி மோரு வித்த ஆய்ச்சிய வெச்சு அவரு பாடினது, வானத்துல இருக்கறப்ப உனக்குக் காருன்னு பேரு, தரைக்கு வந்தா நீருன்னு பேரு, ஆய்ச்சி கையில வந்ததும் மோருன்னு பேரு, ஒரே ஆளு மூணு பேரும் வாங்கிட்டியேன்னு. சொல்லி முடிச்சேன். அண்ணன் மோர் ஜக்கப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. "அருமையாப் பாடிருக்காருங்க. ஆனா நாலாவது பேரு ஒண்ணு வுட்டுட்டாருங்க, சிறுவாணின்னு." கோயம்புத்தூருக்குக் குடிதண்ணி வர்ற ஆத்தோட பேரு அது. சொல்லிட்டு உள்ள போயி ஒரு சின்ன டம்ளர்ல கெட்டி மோரு கொண்டாந்து வெச்சாரு, அவங்க வீட்டுக்குன்னு வெச்சிருந்தது. அடுத்த நாள்லேர்ந்து எல்லாருக்கும் மோரு கொஞ்சம் கெட்டியாச்சு, ஒரு மூணு மாசம். இப்ப மறுபடி பழையபடி ஆயிடுச்சு, அதனால இத அக்கா படிச்சா பரவால்லன்னே எழுதறேன், மோரு மட்டும் பாருங்க அக்கா.

காளமேகம் எங்க ஊர்லயும் ஒரு சாப்பாட்டுப் பாட்டு பாடியிருக்காரு, நாகப்பட்டினத்துல காத்தான் சத்திரத்தப் பத்தி, ஸ்கூல்ல எங்க தமிழய்யா சொல்லிக் குடுத்தது. பொழுது சாயறப்பத்தான் சத்திரத்துக்கு அரிசியே வரும், அதக் குத்தி ஒலையில போடறதுக்குள்ள ஊரு அடங்கிடும், ஒரு அகப்பை சோறு எலையில விழறப்ப வெள்ளி மொளச்சிடும், இதான் பாட்டு. சத்திரத்துக்காரர் நொந்து போயி வந்து நின்னப்ப புலவரு ஒரு எழுத்தும் மாத்தாம அதே பாட்டுக்கு வேற அர்த்தம் சொன்னாராம், சாயங்காலமானா மூட்டை மூட்டையா அரிசி வந்து எறங்கும், ஒலையில போட்டா ஊரோட பசியே அடங்கிடும், எலையில விழற சோத்தோட வெள்ளையப் பாத்து வெள்ளி நட்சத்திரமே தோத்துப் போகும்னு. சின்ன வயசுல இது வார்த்தை வெளையாட்டுன்னு மட்டும் நெனச்சேன். அண்ணன் மழை பேஞ்சுருச்சுங்கன்னு சாம்பார் ஊத்தினத பாத்ததுக்கப்பறம்தான் இது என்னன்னு புரிஞ்சுது. திருப்பிப் படிச்சா அதே சொல்லு அடுத்தவன் மனச நெறைக்கணும், அதுக்கு எடம் வெச்சு மொதல்லயே சொல்லணும். அது முடியாதவன் பேசினா நக்கல்ல போயி முடியுது.

போன மழைக்கால சமயம் ஒரு நாள் மதியம் ரெண்டு மணி இருக்கும், ஒரு பையன் வந்தான், இருவது வயசு இருக்கும், கையில ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவரு, சட்டை கசங்கி, கண்ணு ரெண்டும் செவந்து. அவனும் "சாம்பார் வருமா"ன்னுதான் கேட்டான், நான் கேட்ட அதே கேள்வி. நான் அண்ணன் வாயவே பாத்துட்டிருந்தேன். "இதோ வந்துருச்சு கண்ணு"ன்னு மட்டும் சொன்னாரு. சாம்பார் ஊத்திட்டு அங்கேயே பக்கத்துல நின்னாரு, அவன் சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் வேற எலைக்குப் போகல, நாங்களே எழுந்து வாளிய எடுத்து ரசம் ஊத்திக்கிட்டோம். அவன் காசு குடுக்கறப்ப அக்கா பார்சல் ஒண்ணு கட்டிக் குடுத்தாங்க, ஆஸ்பத்திரில யாரு இருக்காங்கன்னு கேட்டு ரசம் காரம் கம்மியா தனியா. அவன் போனதும் அண்ணன் எங்க டேபிள் பக்கம் வந்து "ரசம் யாருங்க ஊத்துனது, இவ்வளவு சிந்தியிருக்குது, சம்பளத்துல புடிச்சுக்கறேனுங்"ன்னாரு.

பார்க்கிங் கெடையாது, வண்டிய மெயின் ரோட்லயே வுட்டுட்டு வரணும், காரு உள்ள வரவே வராது. பன்னெண்டு மணிலேர்ந்து ரெண்டரை வரைக்கும்தான். ஜிபே உண்டு. வெள்ளிக்கெழம ஒப்பட்டு, அதான் போளி, போடுவாங்க, தேங்காப் பூரணம்தான் நல்லாருக்கும், ஒண்ணுக்கு மேல வேணும்னா வந்ததுமே சொல்லி வெச்சுருங்க. சாப்பாட்டுக்கு நாலு ஸ்டார், மோருக்காக ஒண்ணு கொறச்சிருக்கேன், அண்ணனுக்கு அஞ்சு. புதுசாப் போறவங்க அவரு எதாவது சொன்னா ஒடனே மூஞ்சியத் தூக்காதீங்க, கையில என்ன கொண்டாந்திருக்காருன்னு பாருங்க.

ஞாயித்துக்கெழம லீவு. போன சனிக்கெழம புதுசா வந்த ஒருத்தர் "நாளைக்கு சாப்பாடு உண்டுங்களாண்ணா"ன்னு கேட்டாரு. "உண்டுங்க, நான் எங்க ஊட்ல சாப்புடுவேன், நீங்க உங்க ஊட்ல சாப்புடுங்"ன்னு சொல்லிட்டு, அவரு கெளம்பறப்ப வாசல் வரைக்கும் போயி, ஊட்ல சமைக்க ஆளு இருக்குதுங்களான்னு மெதுவா கேட்டுட்டு வந்தாரு.